ஓதப் போன மௌலவி

திருகோணமலைத் துறைமுகத்தின் தென்புறத்தில், மூதூரைத் தாண்டி வயலும் களப்பும் சூழ்ந்து கிடக்கும் தோப்பூரில், மார்க்கக் கல்விக்காக வெளியே புறப்படும் இளைஞனை 'ஓதப் போகிறான்' என்பார்கள். ஆனால் பயணம் உறுதியான அன்று மாலையே ஊரார் அவனை 'மௌலவி' என்று விளிக்கத் தொடங்கிவிடுவதால், அரபு மத்ரசா பல்லாண்டு ஓதவைத்து ஸனது எனும் சான்றிதழோடு வழங்கும் பட்டத்தை அவன் கிதாபின் அட்டையைக்கூடத் திறவாமல் பெற்றுவிடுகிறான். அவனுடைய முதல் நாட்களின் இடர்கள் யாவும் இந்த முன்பணத்தால் விளைந்தவை.

இன்றைய இளைஞனுக்கு 1973இல் தொடங்கப்பட்ட பேருவளை ஜாமிஆ நளீமிய்யா உண்டு, மதீனாப் பல்கலைக்கழகமும் உண்டு. முந்திய தலைமுறைகளின் ஈழத்து ஆலிம்கள் பலருக்கோ வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபுக் கல்லூரியே பெருங்கனவாக இருந்தது, அங்கு ஓதி முடித்தவர் பெயரின் பின்னே 'பாகவி' என்று போட்டுக்கொள்ளலாம் என்பது அக்கனவின் சிறிய பகுதி அன்று. 1964ஆம் ஆண்டுப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை அக்காலத்து மாணவன் சென்ற வழி, மூதூரில் லாஞ்சேறி, திருகோணமலையில் ரயிலேறி, தலைமன்னாரில் கப்பலேறி, மறுகரையில் மீண்டும் ரயிலேறுவதாகும். வாப்பா கட்டிக்கொடுத்த டிரங்குப் பெட்டியில் உடுப்பைவிட உம்மா வைத்த மாசிச் சம்பலே அதிக இடத்தைப் பிடித்திருக்கும்.

வேலூர் ஊர்ப் பள்ளிவாசலில் அவன் நிற்கும் முதல் தொழுகை தனியே எழுதத் தக்கது. இலங்கை முஸ்லிம்கள் ஷாஃபிஈ மத்ஹபினர், அதாவது இமாம் ஷாஃபிஈ வகுத்த சட்ட மரபைப் பின்பற்றுவோர். வேலூர்வாசிகளோ பெரும்பாலும் ஹனஃபிகள். ஷாஃபிஈகள் இமாம் ஃபாத்திஹா ஓதி முடித்ததும் 'ஆமீன்' என்பதை உரக்கச் சொல்வர், ஹனஃபிகள் வாய்க்குள் சொல்வர் எனும் வேறுபாட்டைத் தோப்பூரில் எவரும் அவனுக்குச் சொல்லி அனுப்புவதில்லை. ஆகவே முழுப் பள்ளிவாசலும் ஒலியின்றி நிற்க, கடலோரத்துத் தொண்டையிலிருந்து ஓர் 'ஆமீன்' மட்டும் தூணில் மோதித் திரும்புகிறது. மறுநாள் சுபஹு எனும் வைகறைத் தொழுகையில் எச்சரிக்கையாக வாயை மூடிக்கொண்டவன், ஷாஃபிஈகள் அத்தொழுகையின் இரண்டாம் ரக்அத்தில் நின்றபடி கேட்கும் குனூத் எனும் வேண்டுதலுக்காகக் கையேந்துகிறான். கண்ணைத் திறந்தால் அணி முழுவதும் ஸுஜூதில் நெற்றி பதித்திருக்க, அவன் மட்டும் கையேந்தியபடி தென்னை மரமாய் நிற்கிறான். மரியாதைக்கு மூத்த மாணவரை அண்ணன் எனும் பொருளில் 'காக்கா' என்றழைத்து, உள்ளூர்க்காரர் கூரையை அண்ணாந்து பார்க்கும்படி செய்வதும் அந்த முதல் வாரத்திலேயே நிகழும். காயல்பட்டினத்துப் பையன் ஒருவன் வந்து விளக்கிக் காப்பாற்றுவான்.

பாடம் தொடங்கியதும் நிலைமை சீராகும் என்று எண்ணுவது தவறு. 1748இல் மறைந்த லக்னோ அறிஞர் முல்லா நிஜாமுத்தீனின் பெயரால் வழங்கும் பாடமுறையின் சாயலில் அமைந்த மத்ரசாக்களில், புதியவன் முதலில் சந்திப்பது சட்டத்தையோ தத்துவத்தையோ அன்று, ஸர்ஃப் எனும் சொல்லியலையே. 'ளரப' என்றால் அடித்தான். ஒருவன் அடித்தான், இருவர் அடித்தனர், பலர் அடித்தனர், அவள் அடித்தாள் எனத் தொடங்கி நாங்கள் அடித்தோம் என்பதுவரை பதினான்கு வடிவங்களையும் உடலை முன்னும் பின்னும் ஆட்டியபடி ஒப்பிக்க வேண்டும். அடுத்து வரும் நஹ்வு, அதாவது வாக்கிய இலக்கணம், யார் யாரை அடித்தார் என்பதைத் தெரிவிக்கிறது: ஸைது அம்ரை அடித்தார். பல நூற்றாண்டுகளாக ஸைது அடித்துக்கொண்டும் அம்ர் வாங்கிக்கொண்டும் இருக்கின்றனர். காரணம் கேட்டவனுக்கு, எழுவாயையும் செயப்படுபொருளையும் மட்டும் பார்க்குமாறு உஸ்தாது கூறுவார். சாந்தி மார்க்கம் கற்கக் கடல் கடந்தவனின் முதல் மாத அறிவுச் சேமிப்பு இந்த அடிதடி மட்டுமே.

இதனால் அவன் தனக்கு மட்டும் நேர்ந்த அவமானம் இது என்று கருத வேண்டியதில்லை. யூதர்களின் சமயக் கல்லூரியாகிய யெஷிவாவில், 1803இல் வொலோஜினில் நிறுவப்பட்ட புகழ்பெற்ற யெஷிவாவின் வழியில் வந்தவை உட்பட, புதியவனின் கதி ஏறத்தாழ இதுவே. அமெரிக்காவிலிருந்து ஜெருசலேம் சென்று சேரும் பையன், தல்மூத் எனும் சட்ட விவாதத் தொகுப்பைத் திறந்து முதலாம் பக்கத்தைத் தேடுகிறான். அதன் ஒவ்வொரு பகுதியும் இரண்டாம் ஏட்டிலேயே தொடங்குவது வழக்கமாதலால், கிழிந்த பிரதி தன்னிடம் தள்ளப்பட்டதோ என்று ஐயுறுகிறான். உள்ளே இருவர் ஒரே மேலாடையைப் பற்றி இழுத்து, முழுதும் எனதே என்று வழக்காடுகின்றனர். அதையும் ஹவ்ரூத்தா எனப்படும் இணைப்படிப்பில், எதிரே அமர்ந்த தோழனோடு உரத்துத் தர்க்கித்தே கற்க வேண்டும். மத்ரசாவிலும் பாடத்தைச் சகமாணவனோடு மீட்டும் பழக்கம் இருப்பதால், தோப்பூரான் அங்கே தவறிப் போய்ச் சேர்ந்திருந்தாலும் இரைச்சலைக் கேட்டு ஆறுதல் அடைந்திருப்பான்.

முதல் விடுமுறையில் வீடு திரும்பும்போதே அவனுடைய உண்மையான பரீட்சை காத்திருக்கிறது. திண்ணையில் வந்தமரும் பெரியவர், "மௌலவி, வலையில ஆமை பட்டா வித்துத் திங்க ஏலுமா?" என்கிறார். ளரபவின் பதினான்கு வடிவங்களில் எதிலும் ஆமை இல்லை. எனினும் அவன் தொப்பியைச் சரிசெய்து, மெல்ல இருமி, "அதுல இமாம்களுக்கிடையில இக்திலாஃப் இருக்கு" என்கிறான். இக்திலாஃப் என்பது அறிஞரிடை நிலவும் கருத்து வேறுபாடு, அனைத்துக் கேள்விக்கும் பொருந்துவது, மேலும் இவ்விடத்தில் தற்செயலாக உண்மையாகவும் இருப்பது. பெரியவர் முழுத் திருப்தியோடு எழுந்து போய், மாலையில் ஒரு சட்டி எருமைத் தயிர் அனுப்பி வைக்கிறார்.