செருகினேன், தெரியவில்லை!

இந்த முறை மாத்தளை மாவட்டக் கேள்விகளுக்கு மட்டும் இடம். பெரும்பாலான கடிதங்களில் ஒரே முறைப்பாடுதான்: வெளியிலிருந்து செருகும் ஹார்ட் டிஸ்க்கைக் கொம்பியூட்டர் கண்டுகொள்ளவில்லை.

கேள்வி: என் லெப்டொப்பில் ஒழுங்காக ஓடும் டிஸ்க், பாடசாலைக் கொம்பியூட்டரில் செருகினால் விளக்கு மட்டும் எரிகிறது, வேறொன்றும் நடப்பதில்லை. டிஸ்க் போய்விட்டதா? (ஆசிரியை, உக்குவளை)

பதில்: டிஸ்க் நலம். அதற்குக் கரண்ட் போதவில்லை.

கையடக்க டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் கிடையாது. யூ.எஸ்.பி. வயரில் வரும் 5 வோல்ட்டை நம்பித்தான் உள்ளே இருக்கும் தட்டு சுழல வேண்டும். 2000ஆம் ஆண்டு வந்த யூ.எஸ்.பி. 2.0 போர்ட் 500 மில்லி அம்பியர்தான் கொடுக்கும். 2008இல் வந்த 3.0 போர்ட் 900 கொடுக்கும். நின்றிருந்த தட்டு சுழலத் தொடங்கும் முதல் சில விநாடிகளில் டிஸ்க்கின் பசி அதையும் தாண்டக்கூடும். விளக்கு எரிய அவ்வளவு தேவையில்லை, அதனால் எரிகிறது. தட்டுதான் எழும்ப மாட்டேன் என்கிறது.

கொம்பியூட்டரின் முன்பக்கப் போர்ட்டை விடுங்கள். அது உள்ளே ஒரு மெல்லிய வயர் வழியாகத்தான் மதர்போர்டுக்குப் போகிறது. பின்பக்கம், மதர்போர்டிலேயே பொருத்தியிருக்கும் போர்ட்டில் செருகுங்கள். நீலநிறப் போர்ட் இருந்தால் பெரும்பாலும் அது 3.0, அதற்கே முதலிடம். ஒரு போர்ட்டை நாலாக்கும் ஹப் வேண்டாம். வைத்தே ஆகவேண்டும் என்றால் சுவரில் செருகும் அடாப்டருடன் வரும் ஹப்பாகப் பாருங்கள்.

பிறகு வயர். டிஸ்க்கின் பக்கம் போகும் முனை தட்டையாக, அகலமாக, நடுவில் ஒரு வெட்டு விழுந்து இரண்டு துண்டுபோல இருக்கும். செருகியபின் லேசாக அசைத்துப் பாருங்கள். விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் குற்றவாளி அங்கேதான். டைப்-சி டிஸ்க் என்றால், போன் சார்ஜர் வயரை எடுத்துச் செருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள். அவற்றில் சில கரண்டை மட்டும் கடத்தும், தகவலைக் கடத்தா.

வயரை மாற்று, போர்ட்டை மாற்று, கொம்பியூட்டரை மாற்று. இந்த மூன்றும் முடியும்வரை டிஸ்க்குக்கு மரண அறிவித்தல் எழுதக்கூடாது. 'செத்துப்போச்சு' என்று கடைக்குக் கொண்டுவரப்படும் டிஸ்க்குகளில் பல இந்த மூன்றுக்குள்ளேயே எழுந்து உட்கார்ந்துவிடுகின்றன.

கேள்வி: கலியாண வீடியோ எடுப்பது என் தொழில். இரண்டு கலியாணத்தின் வீடியோ உள்ள டிஸ்க்கைச் செருகினால் 'ஃபோர்மட் செய்ய வேண்டும்' என்று வின்டோஸ் கேட்கிறது. செய்யவா? (ரத்தோட்டை)

பதில்: 'கேன்சல்' பட்டனை அழுத்துங்கள். மிச்சத்தை அதற்குப் பிறகு வாசியுங்கள்.

உங்கள் வீடியோ பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. எந்தக் கோப்பு எங்கே கிடக்கிறது என்று எழுதிவைத்த பட்டியல்தான் குழம்பியிருக்கிறது. பொருளடக்கப் பக்கம் கிழிந்துபோன புத்தகம் மாதிரி. அத்தியாயங்கள் உள்ளே பத்திரம். கொப்பி போய்க்கொண்டிருக்கும்போதே வயரைப் பிடுங்குவதும், எழுதும் நேரத்தில் கரண்ட் போவதும் இதற்கு வழக்கமான காரணங்கள்.

வின்டோஸ் ஃபோர்மட்டில் 'குவிக்' என்பது புதுப் பட்டியல் ஒன்றைத்தான் எழுதும். அந்த டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபோர்மட் போட்டால், விஸ்டா காலத்திலிருந்து வின்டோஸ் டிஸ்க் முழுவதும் பூச்சியத்தை எழுதித் தள்ளுகிறது. அதற்குப் பிறகு மணமகளையும் மீட்க முடியாது, மாப்பிள்ளையையும் மீட்க முடியாது.

செய்ய வேண்டியது: அந்த டிஸ்க்கில் இனி ஒரு எழுத்துக்கூட எழுதவேண்டாம். 'டெஸ்ட் டிஸ்க்', 'ஃபோட்டோ ரெக்' என்று இரண்டு மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. முதலாவது தொலைந்த பட்டியலைத் தேடும். இரண்டாவது பட்டியலையே நம்பாமல், கோப்பு எப்படித் தொடங்கும் என்ற அடையாளத்தை வைத்துப் படத்தையும் வீடியோவையும் பொறுக்கியெடுக்கும். கோப்பின் பெயர் மட்டும் திரும்பிவராது. மீட்டதை வேறொரு டிஸ்க்கில்தான் சேமிக்க வேண்டும். 'செக் டிஸ்க் போட்டுப் பார்' என்று நண்பர்கள் சொல்வார்கள். அது பட்டியலைத் திருத்துகிறேன் என்று அதே டிஸ்க்கில் எழுதும். பிரதி எடுக்கும்வரை அதன் பக்கமே போகாதீர்கள்.

வேலை முடிந்ததும், கலியாண வீட்டாரிடம் வீடியோவைக் கையளிக்கும்வரை கமெராவின் மெமரி கார்ட்டை அழிக்காமல் வைப்பதைத் தொழில் விதியாக்கிக்கொள்ளுங்கள். அவர்களுக்கு அந்த நாள் மறுபடி வராது.

கேள்வி: டிவைஸ் மேனேஜரில் டிஸ்க் தெரிகிறது. 'திஸ் பீசி'யில் தெரியவில்லை. (மாணவன், கலேவெல)

பதில்: ஆள் வந்துவிட்டார், கதவிலக்கம் கிடைக்கவில்லை. ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்து 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' போங்கள். உங்கள் டிஸ்க் அங்கே நீலப் பட்டையோடு, டிரைவ் எழுத்தில்லாமல் இருந்தால், அதில் வலது கிளிக் செய்து ஒரு எழுத்துக் கொடுங்கள். கறுப்புப் பட்டையோடு 'அன்அலொகேட்டட்' என்றோ, பக்கத்தில் 'நொட் இனிஷியலைஸ்ட்' என்றோ இருந்தால், புது டிஸ்க்குக்கு அது இயல்பு, தாராளமாக 'ஜி.பி.டி.' தெரிவுசெய்து தொடங்கலாம். ஏற்கெனவே பாடக்குறிப்பு வைத்திருந்த டிஸ்க் அப்படிக் காட்டினால் எதையும் அழுத்தாமல் மேலே ரத்தோட்டைக்காரருக்குச் சொன்னதைச் செய்யுங்கள்.

கேள்வி: கனடாவில் இருக்கும் மச்சான் குடும்பப் படங்களை டிஸ்க்கில் போட்டுக் கொண்டுவந்தார். அவரிடம் ஓடுகிறது, என்னிடம் ஃபோர்மட் கேட்கிறது. (வியாபாரி, தம்புள்ளை)

பதில்: மச்சானிடம் இருப்பது பெரும்பாலும் மேக் கொம்பியூட்டர், உங்களிடம் வின்டோஸ். மேக் தன் பாணியில் ஃபோர்மட் செய்த டிஸ்க்கை வின்டோஸால் வாசிக்க முடியாது. வாசிக்கத் தெரியாததை எல்லாம் ஃபோர்மட் செய்யச் சொல்வது அதன் பழக்கம். மச்சான் திரும்பிப் போகும் முன் அவருடைய மேக்கிலேயே இன்னொரு டிஸ்க்கை 'எக்ஸ்ஃபேட்' முறையில் ஃபோர்மட் செய்து படங்களை அதில் ஏற்றச் சொல்லுங்கள். அதை இரண்டும் வாசிக்கும். பழைய 'ஃபேட் 32' வேண்டாம், ஒரு கோப்பு 4 ஜீ.பி.யை எட்டினாலே அதில் ஏறாது.

கேள்வி: மேசையிலிருந்து விழுந்தது. இப்போது செருகினால் 'டிக்... டிக்... டிக்' என்று சத்தம். கொம்பியூட்டரில் தெரியவில்லை. யூடியூபில் ஃப்ரீசரில் வைக்கச் சொல்கிறார்கள். (எல்கடுவ)

பதில்: இதை வாசிக்கும்போது அது செருகியிருந்தால் உடனே கழற்றுங்கள்.

உள்ளே ஒரு தட்டு நிமிடத்துக்கு 5,400 தடவை சுழல்கிறது. அதன்மேல் வாசிக்கும் முனை தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. நம் தலைமயிர் ஒன்றின் தடிப்பு அதைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு. விழுந்த அதிர்ச்சியில் அந்த முனை வளைந்திருக்கும் அல்லது உடைந்திருக்கும். அது தன் இடத்தைத் தேடிப் போகிறது, கிடைக்காமல் திரும்புகிறது, மறுபடி போகிறது. நீங்கள் கேட்பது அந்தப் போக்குவரத்து. ஒவ்வொரு தடவை செருகும்போதும் உடைந்த முனை தட்டைச் சுரண்ட வாய்ப்பிருக்கிறது. சுரண்டப்பட்ட இடத்தில் இருந்த படத்தை உலகத்தில் எந்த ஆய்வுகூடமும் திருப்பித் தராது.

ஃப்ரீசர் வேண்டாம். வெளியே எடுத்ததும் நம் ஊர் ஈரக்காற்று குளிர்ந்த தட்டில் நீராகப் படியும். ஸ்க்ரூவைக் கழற்றித் திறந்து பார்ப்பதும் வேண்டாம். தூசி வடிகட்டிய அறையில் திறக்க வேண்டிய சாமான் அது. 'பெட்டியை மாற்றினால் சரி' என்று சொல்பவருக்கும் கொடுக்காதீர்கள். சில கம்பனிகளின் கையடக்க டிஸ்க்குகளில் யூ.எஸ்.பி. வாயே டிஸ்க்கின் பலகையோடு சேர்த்து ஒட்டப்பட்டிருக்கும். மாற்றப் பெட்டி என்று ஒன்று கிடையாது.

தகவல் மீட்பவரிடம் கொடுக்கும் முன் மூன்று விஷயம் கேளுங்கள். திறப்பதானால் எங்கே வைத்துத் திறப்பீர்கள்? மீட்க முடியாவிட்டால் கட்டணம் எவ்வளவு? என் அனுமதி இல்லாமல் திறக்க மாட்டீர்கள் என்று எழுதித் தருவீர்களா? செலவு அதிகம். உள்ளே இருப்பது சினிமாப் படங்கள் என்றால் விட்டுவிடலாம். அம்மாவின் கடைசிப் படங்கள் என்றால், பணம் சேரும்வரை டிஸ்க்கைத் தொடாமல் அலுமாரியில் வையுங்கள். காத்திருப்பதால் கெடாது, செருகிச் செருகிப் பார்ப்பதால்தான் கெடும்.

கேள்வி: தட்டிப் பார்த்தால் எழும்புமா? (நாவுல)

பதில்: மாட்டாது.

கேள்வி: டித்வா புயல் வெள்ளத்தில் வீட்டுக்குள் சேறு. டிஸ்க்கும் அதற்குள் கிடந்தது. கழுவிக் காயவைத்துச் செருகலாமா? (மாத்தளை)

பதில்: முதலில், வீட்டில் எல்லோரும் தப்பியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். 2025 நவம்பர் கடைசியில் மலைநாடு பட்ட பாட்டுக்கு முன்னால் டிஸ்க் சின்ன விஷயம்தான். ஆனாலும் வீடே போனவர்களுக்குப் படம் மட்டும்தான் மிஞ்சும் என்பதால் இந்தக் கேள்வி எனக்குச் சின்னதாகத் தெரியவில்லை.

செருக வேண்டாம். டிஸ்க்கில் காற்றழுத்தத்துக்கென ஒரு சிறு துளை உண்டு. அதன் வழியாகச் சேற்றுநீர் உள்ளே போயிருக்கலாம். வெயில், அரிசி, ஹேர் ட்ரையர் எதுவும் வேண்டாம். சேறு தட்டில் காய்ந்து இறுகினால் எடுப்பது கஷ்டம். நனைந்த உடனேயே, ஈரமாகவே பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி மீட்பவரிடம் கொடுப்பதே முறை. இதற்குள் காய்ந்திருந்தால் அப்படியே இருக்கட்டும்; கரண்ட் காட்டாமல் கொடுங்கள்.

நம்பிக்கையை விடவேண்டாம். 2003இல் கொலம்பியா விண்ணோடம் வானத்தில் சிதறியபோது கருகி விழுந்த ஹார்ட் டிஸ்க் ஒன்றிலிருந்து ஏறத்தாழ முழுத் தகவலையும் மீட்டார்கள். அதில் பதிவாகியிருந்த ஆய்வின் முடிவு 2008இல் வெளியானது.

கேள்வி: அலுவிகாரையில் எழுதிய ஓலை இரண்டாயிரம் வருடம் இருந்தது. நாம் வாங்கும் டிஸ்க் ஐந்து வருடம்கூட இருப்பதில்லையே? (பல்லேபொல)

பதில்: அந்த ஓலை இப்போது இல்லை. நூல்தான் இருக்கிறது. இந்த வேறுபாட்டைக் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கிறிஸ்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டு, வலகம்பா மன்னன் காலம். அதுவரை பௌத்த மறைநூலான திரிபிடகம் பிக்குகளின் நினைவில் மட்டும் இருந்தது. பஞ்சமும் போரும் வந்தன. மனப்பாடம் செய்தவர்கள் செத்துப்போனால் நூலும் அவர்களோடு போய்விடும் என்ற பயத்தில்தான் அலுவிகாரைக் குகைகளில் உட்கார்ந்து எழுதினார்கள். ஓலை எவ்வளவு நன்றாகப் பதப்படுத்தினாலும் நம் தட்பவெப்பத்தில் சில நூறு வருடங்களே தாங்கும். அதனால் தலைமுறை தலைமுறையாகப் பார்த்து எழுதினார்கள். பிரதிகள் பர்மாவுக்கும் சியாமுக்கும் போயின. 1848 மாத்தளைக் கிளர்ச்சியின்போது ஆங்கிலப் படை அலுவிகாரையின் நூல்நிலையத்தை அழித்தது. அங்கிருந்த ஏடுகள் போயின. நூல் போகவில்லை, ஏனென்றால் வேறு இடங்களில் இருந்தது.

பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் சொன்ன கணக்கு இன்று உலகம் முழுவதும் வழக்கில் இருக்கிறது: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். உங்கள் டிஸ்க்கின் ஆயுளை எண்ணுவதை விட்டுவிட்டுப் பிரதிகளை எண்ணுங்கள்.

கேள்வி: முத்துமாரியம்மன் கோயில் பஞ்சரத பவனியின் பழைய படங்கள், 83க்கு முந்தியவையும் உண்டு, ஸ்கேன் செய்து பெரிய டிஸ்க் ஒன்றில் வைத்திருந்தோம். இடி மின்னலுக்குப் பிறகு விளக்கும் இல்லை, சத்தமும் இல்லை. வேறு பிரதி இல்லை. (மாத்தளை நகர்)

பதில்: விளக்கும் சத்தமும் இரண்டுமே இல்லை என்பது நல்ல செய்தியாக இருக்கலாம். பெரிய 3.5 அங்குல டிஸ்க்குகள் தனி அடாப்டரில் ஓடுபவை. மின்னலுக்கு முதலில் பலியாவது பெரும்பாலும் அந்த அடாப்டர்தான். அதன் அடியில் அச்சிட்டிருப்பதை வாசியுங்கள்: 12 வோல்ட், 1.5 அல்லது 2 அம்பியர் என்று இருக்கும். பக்கத்தில் வட்டத்துக்குள் கூட்டல், கழித்தல் குறி; நடு முனை எது என்று அது சொல்லும். மூன்றும் பொருந்தும் அடாப்டரை மட்டும் வாங்கிச் செருகுங்கள். வீட்டில் கிடக்கும் லெப்டொப் அடாப்டர் வாய்க்குப் பொருந்துகிறதே என்று செருகிவிடாதீர்கள். அது பெரும்பாலும் 19 வோல்ட் அளவு, பலகையை எரித்துவிடும்.

அடாப்டர் மாற்றியும் எழும்பாவிட்டால் கடைசியாகச் சந்தேகிக்க வேண்டியது டிஸ்க்கை. அதற்கு முன்னால் பெட்டிக்குள் இருக்கும் சிறு இணைப்புப் பலகை. இந்த வகையில் உள்ளே இருப்பது பெரும்பாலும் சாதாரண சாட்டா டிஸ்க். தெரிந்த ஒருவரைக் கொண்டு கழற்றி, சாட்டா டொக்கில் வைத்துப் பார்க்கலாம். அப்போதும் வின்டோஸ் ஃபோர்மட் கேட்டால் 'கேன்சல்'. சில பெட்டிகள் தகவலைப் பூட்டி எழுதுகின்றன, அதற்கு அதே வகைப் பலகை தேவைப்படும்.

1983 ஜூலைக் கலவரத்தில் அந்தக் கோயிலுக்குத் தீ வைத்தார்கள். அதற்கு முந்திய தேர்ப் படங்களை இனி யாராலும் எடுக்க முடியாது. எனவே ஸ்கேன் செய்த அச்சுப்படங்கள் எந்தெந்த வீட்டுக்குத் திரும்பிப் போயின என்று இன்றே விசாரியுங்கள். டிஸ்க் எழும்பினாலும் எழும்பாவிட்டாலும் அவை வேண்டும். மீண்டதும் ஒரு பிரதியைக் கோயிலிலும், ஒன்றை வெளியூரில் இருக்கும் பிள்ளைகளிடமும் வையுங்கள். 2005 முதல் ஈழத்து, மலையகத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனத்துக்கும் ஒன்று கொடுங்கள்.

மாத்தளை வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள்: தேர், தோட்டம், பாடசாலை, கடைவீதி என்று 83க்கு முந்திய படம் எதுவும் உங்கள் அலுமாரியில் இருந்தால், போனில் ஒரு படமெடுத்தாவது கோயில் அலுவலகத்துக்கு அனுப்பிவையுங்கள்.