அனந்தசரஸ் விதி: மூழ்கி எழுந்த மோட்டார் சைக்கிள்கள் குறித்து ஒரு முன்னோடி ஆய்வு

செத்துப்போன மோட்டார் சைக்கிள் பெயர்கள் ஏன் திரும்பி வருகின்றன, வந்தவற்றுள் எதைத் தவணையில் வாங்கலாம் என்னும் வினாக்கள் தமிழாய்வுலகில் இதுவரை எழுப்பப்படவில்லை. அவற்றில் ஒன்றும் இல்லை என்பதும் காரணமாக இருக்கலாம். ஆயினும், ஆய்வு இடைவெளி ஒன்று கண்ணில் பட்டபின் அதில் விழாமல் இருப்பது ஆய்வாளருக்கு அழகன்று.

ஆய்வுக் களம் சின்ன காஞ்சிபுரம். தேர்வுக்கான அறிவியல் காரணம், ஆய்வாளரின் வீடு இங்கே இருப்பது. ராயல் என்ஃபீல்டின் ஒரகடம், வல்லம் வடகால் ஆலைகள் இதே மாவட்டத்தில் இருப்பது துணைக் காரணம்.

பழைய வண்டிப் பெயர்கள் மூவகைப்படும். முதல் வகை, மூழ்காதவை. ராயல் என்ஃபீல்டின் ரெட்டிச் ஆலை இங்கிலாந்தில் 1967-இல் மூடப்பட்டது. ஆனால் 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டுச் சேர்ந்து திருவொற்றியூரில் கால்கொண்ட புல்லட் நிற்கவேயில்லை. சாகாததற்கு மறுபிறப்பு ஏது? நீக்கப்பட்டது. 1980-இல் டிவிஎஸ் 50 என்று பிறந்து, எக்ஸ்எல் என்று இன்றும் புடவை மூட்டை சுமக்கும் வண்டியும் நீக்கப்பட்டது. எப்போதும் ஸ்டார்ட் ஆகிவிடுவதால் அதில் ஆராய ஏதுமில்லை.

மூன்றாம் வகை, மூழ்கி இன்னும் எழாத ராஜ்தூத். பெருமாள் சித்தம்.

இரண்டாம் வகையே இக்கட்டுரையின் உயிர். வரதராசப் பெருமாள் கோயில் அனந்தசரஸ் குளத்திலிருந்து அத்தி வரதர் 1979-இல் எழுந்தருளினார். மீண்டும் 2019-இல் எழுந்தருளி 48 நாள் சேவை சாதித்தார். இடைவெளி நாற்பது ஆண்டு. மூழ்கிய வண்டிப் பெயர்களும் இதே கணக்கில் எழும் என்பதே ‘அனந்தசரஸ் விதி’. (பெருமாளை இதில் இழுக்கலாமா என்று அம்மா கேட்டார். ஆய்வில் பக்திக்கு இடமில்லை என்றேன். அப்படியானால் இராத்திரிச் சாப்பாட்டுக்கும் இடமில்லை என்றார்.)

தரவுகளைக் காண்போம். மைசூர் ஆலையில் ஜாவா என்னும் பெயர் 1973-இல் யெஸ்டி ஆனது; ஜாவா 2018 நவம்பரில் திரும்பியது. இடைவெளி 45. ‘கொஞ்சம் லேட்டு’ என்பது அறிஞர் கருத்து (டீக்கடை மரபு, வாய்மொழி). அந்த ஆலை 1996-இல் மூடப்பட்டது. யெஸ்டி 2022 சனவரியில் எழுந்தது. இடைவெளி 26. இது அவசரப் புறப்பாடு என்பர் (சித்தப்பா, நேர்காணல், திண்ணை, வாயில் வெற்றிலை இருந்தமையால் பாடபேதம் உண்டு). பிஎஸ்ஏ 1973-இல் இங்கிலாந்தில் மூழ்கி, மகிந்திரா கை கொடுக்க, 2021-இல் கோல்டு ஸ்டாராகத் தலைதூக்கியது. இடைவெளி 48, அதாவது ஒரு மண்டலம் (பஞ்சர் கடைச் சுவர்க் கல்வெட்டு, கரித்துண்டால் பொறித்தது, இரண்டாம் வெள்ளையடிப்புக்கு முந்தையது, பாக்கிக் கணக்கின் இடப்புறம், அக்கணக்கில் ஆய்வாளர் பெயரும் இருப்பதால் மூலத்தை அருகில் சென்று படிக்க இயலவில்லை).

மூன்றும் விதிக்கு முரணாகத் தோன்றலாம். தோன்றட்டும். 45, 26, 48 ஆகியவற்றைக் கூட்டி மூன்றால் வகுத்தால் 39.67 வருகிறது. ஆய்வுலகில் இதற்குப் பெயர் நாற்பது. மாதிரிகள் மூன்றுதானே என்று கேட்பவர்கள், ஒரே பானையோட்டுத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நாகரிகத்தையே எழுப்பியவர்களிடம் முதலில் கேட்டுவிட்டு வரலாம். 1983-இல் வீழ்ந்து 1991-இல் எழுந்த டிரயம்ப் கணக்கில் சேரவில்லை. அது வேறு குளம். விதிப்படி, 1996-இல் விடைபெற்ற யமஹா ஆர்எக்ஸ் 100 வரவேண்டிய ஆண்டு 2036.

இனி எதை வாங்குவது? பழைய ஜாவாவில் கிக்கரே கியர். பழைய புல்லட்டில் உதை ஒரு வித்தை. ஆம்பியர் முள்ளைப் பார்த்து, டீகம்ப்ரஷர் நெம்புகோலைப் பிடித்து, குலதெய்வத்தை நினைத்து உதைக்க வேண்டும். தவறினால் அதுவும் திருப்பி உதைக்கும். 2021-இல் வந்த புதிய கிளாசிக் 350-இல் கிக்கரே கிடையாது. 195 கிலோ எடைக்கு மட்டும் குறைவில்லை. காலையில் தெருவில் நெசவுப் பாவு நீட்டியிருக்கும்போது அதைத் திருப்ப நாலு பேர் வேண்டும். புதிய ஜாவாவில் ஒரே சிலிண்டருக்கு இரண்டு சைலன்சர். டிரயம்ப் பானவில்லிலோ பெட்ரோல் ஊசிக் கருவிக்குப் பழைய கார்புரேட்டர் வேடம். போலிச் சரிகையை உரசிப் பார்த்தே சொல்லிவிடும் ஊரில் இந்த வேடம் எத்தனை நாள் செல்லும்?

வாங்குபவர் கேட்பது தாத்தாவின் வண்டி. தாத்தாவின் முழங்கால் வலி வேண்டாம். நியாயந்தான். ஆனால் வண்டி வீட்டுக்கு வந்த அன்றே ‘ஒரிஜினல் லுக்’ கெடுகிறது என்று சாரி கார்டைக் கழற்றி எறிகிறார்களே, அதைத்தான் இவ்வூர் பொறுக்காது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 123: பின்னால் அமர்பவரின் உடை சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைப்பு வேண்டும். இக்கட்டுரையில் நூலகத்தில் எடுத்துச் சரிபார்க்கத்தக்க ஒரே மேற்கோள் இதுதான். ஆகவே பிற்கால ஆய்வாளர் எவரும் இதை எடுத்தாள வாய்ப்பில்லை. முகூர்த்தப் புடவையோடு பின்சீட்டில் ஏறப்போகும் பெண், வண்டியின் வம்சாவளி கேட்கமாட்டாள். குனிந்து சக்கரத்தைப் பார்ப்பாள். கார்டு இல்லையென்றால் ஷேர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்துவாள்.