பட்டாசுப் பெரியப்பா

ஐப்பசி பிறந்துவிட்டால் உழவர் மழையை எதிர்பார்த்து வானத்தை நோக்குகிறார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் விடுமுறையை எதிர்பார்த்து அதே வானத்தை நோக்குகிறார்கள். வெயிலை எதிர்பார்த்து நோக்குகிற பிரகிருதி தமிழ்நாட்டில் ஒருவர்தாம் உண்டு, அவரே பட்டாசுப் பெரியப்பா. சில வீடுகளில் அவர் தாத்தாவாக இருப்பார், சில வீடுகளில் மாமாவாக இருப்பார். தனிக்குடித்தனம் பெருகிவிட்ட இந்நாளில் தகப்பனாரே இந்தப் பதவியையும் சேர்த்து வகிக்கும்படி நேர்ந்த வீடுகளும் உண்டு. உறவு எதுவானால் என்ன? தீபாவளிக்கென்று வாங்கிய பட்டாசைக் காய வைப்பதும், காய வைத்ததைக் காவல் காப்பதும், காத்ததைக் கூடுமானவரையில் யாரும் வெடித்துவிடாமல் பார்த்துக்கொள்வதுமே அவருடைய ஜன்மக் கடன்.

வாங்குவதில் அவரைக் கருமி என்று சொன்னால் சொன்ன நாக்கு அழுகிவிடும். கொலுப் பொம்மைகள் பழைய வேட்டித் துணியில் சுற்றப்பட்டுப் பரணுக்கு ஏறிய மறுநாளே அட்டைப் பெட்டிகள் வந்து இறங்கிவிடும். லட்சுமி வெடி, குருவி வெடி, ஓலைப் பட்டாசு, ஊசிப் பட்டாசுச் சரம், சங்குசக்கரம், புஸ்வாணம், சாட்டை, பாம்பு மாத்திரை, கம்பி மத்தாப்பு, போதாக்குறைக்கு நான்கு வீட்டு ஜன்னல்களை ஆட்டி வைக்கக்கூடிய அணுகுண்டு என்று எதையும் அவர் விட்டுவைப்பதில்லை. வீட்டிலுள்ள குழந்தைகளோ மூன்று பேர். மூத்தவள் இரண்டாம் வகுப்பு, அடுத்தவன் எல்.கே.ஜி., கடைக்குட்டி இன்னும் தொட்டிலில் கிடக்கிறது. கந்தகமும் கோந்தும் சாயக் காகிதமும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் முதலிருவரும் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். தொட்டிலில் கிடப்பது ஒன்றுதான் அந்த வீட்டில் நிம்மதியாகத் தூங்கும்.

"பெரியப்பா, ஒரே ஒரு பொட்டு வெடி குடுங்க பெரியப்பா!"

அவர் இல்லையென்று சொல்லமாட்டார். சொல்லிவிட்டாலாவது குழந்தை ஒரு மூச்சு அழுது தீர்த்துவிட்டு விளையாடப் போகும். அவர் பிரசங்கம் செய்வார். சிவகாசி ஏன் சிவகாசியாயிற்று என்பதிலிருந்து தொடங்குவார். மழை குறைந்த வறண்ட பூமியாகையால் மருந்து உலர்வதற்கு அங்கே வெயிலுக்குப் பஞ்சமில்லை என்பார். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பிய வரலாற்றையும், தீப்பெட்டியிலிருந்து மத்தாப்பும் மத்தாப்பிலிருந்து வெடியும் கிளைத்த கிரமத்தையும், தாம் உடன் போய் வந்தவரைப் போன்ற உரிமையோடு விவரிப்பார். பிறகு வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றின் குணதோஷங்களுக்கு வருவார். ஈரம்படாத ஊரில் பிறந்த சரக்கைச் சென்னைப் பட்டணத்துக் கடற்காற்றில் கொண்டுவந்து வைத்தால் அது நமுத்துப்போகாமல் வேறு என்ன செய்யும் என்று கேட்டு, விடையையும் தாமே சொல்லி, ஆகவே நன்றாகக் காய்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் பேச்சை முடிக்கிறபோது, எல்.கே.ஜி. மாணவன் அவர் மடியிலேயே தூங்கிப்போயிருப்பான்.

பிரசங்கத்தில் தவறொன்றும் இல்லை. சங்கடமெல்லாம் பஞ்சாங்கத்தில் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை சாதாரணமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்குகிறது. சென்னை நகரம் ஆண்டு முழுவதும் பெறுகிற மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்றே மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. நரக சதுர்த்தசியோ இந்த அடைமழைக்கு நடுவிலே வந்து உட்கார்ந்துகொள்கிறது. கிருஷ்ண பரமாத்மா அந்த அசுரனைக் கொஞ்சம் பொறுத்துப் பங்குனியிலே வதம் செய்திருக்கலாம் என்பது பெரியப்பாவின் நெடுநாளைய அபிப்பிராயம். பகவானுடைய காலநிர்ணயத்தில் அவர் கண்டிருக்கிற குற்றம் இது ஒன்றுதான்.

ஆகவே வெயில் தலைகாட்டுகிற அந்த ஒரு நாழிகை அவருக்குப் பொன் போன்றதாகிறது. மேகம் சற்றே விலகி மொட்டை மாடியின் மேற்கு மூலையில் மஞ்சள் வெளிச்சம் விழுந்ததோ இல்லையோ, இரண்டு மாடிப்படியை ஒரு மாடிப்படியாக்கி அவர் ஏறுகிற வேகத்தைக் கண்டால், மூட்டுவலி என்று அவர் காலையிலே தைலம் தேய்த்துக்கொண்டதை யாரும் நம்பமாட்டார்கள். முதலில் பழைய செய்தித்தாள் விரிப்பு. அதன்மேல் முறம், தாம்பாளம், பிஸ்கட் டின்னின் மூடி. சரத்தை முறத்தில் வளைத்து வைப்பார். லட்சுமி வெடிகளைத் திரி தெற்குப் பார்க்கும்படி தாம்பாளத்தில் வரிசையாக அடுக்குவார். திரி ஏன் தெற்கே பார்க்க வேண்டும் என்று கேட்டவர் இதுவரை யாருமில்லை. புஸ்வாணங்களைத் தலைகீழாக நிறுத்தி, அடியில் விரலால் தட்டிப் பார்ப்பார். கால் மணிக்கொரு தரம் எல்லாவற்றையும் புரட்டிப் போடுவார். ஒவ்வொரு வெடியாக எடுத்துக் காதருகே கொண்டுபோய் மெல்ல ஆட்டிக் கேட்டுவிட்டு, "இன்னும் ஆகலை" என்று சொல்லித் திரும்ப வைப்பார். என்ன சத்தம் கேட்டால் ஆயிற்று என்று பொருள் என்பதை அவர் யாருக்கும் உபதேசித்ததில்லை. லட்சுமி வெடியின் சாயம் செய்தித்தாளிலும், அங்கிருந்து மாடித் தரையிலும் இறங்கி, தை மாதம்வரை சிவப்பாகக் கிடக்கும். காக்கை ஓட்டுவதற்கு மூத்தவளை ஒரு குச்சியோடு உட்கார்த்தி வைத்திருப்பார். ஆனால் அவள் முறத்துக்கு இரண்டு முழத் தூரத்துக்குள் வரக்கூடாது. அடுப்படியில் வைத்துப் பட்டாசு காய வைக்கிற மூடர்களைப் பற்றி அவர் வாய் ஓயாமல் கண்டித்துக்கொண்டிருப்பார். அந்த மட்டும் க்ஷேமந்தான்.

இத்தனை கைங்கரியமும் நடந்துகொண்டிருக்கையில் ஒரு தூறல் விழுந்துவிட வேண்டியதுதான், "மழை! மழை!" என்று அவர் போடுகிற கூச்சலில் அடுத்த வீட்டுக்காரரும் எழுந்து ஓடி வருவார். சமையலறையிலிருந்து ஒருவர், கணக்குப் பாடத்திலிருந்து ஒருவர், குளியலறையிலிருந்து அரையும் குறையுமாக ஒருவர் என்று வீடே மாடிக்கு விரையும். முதலில் சரம், பிறகு வெடி, பிறகு மத்தாப்பு, பிறகு முறம், பிறகு செய்தித்தாள் என்று எல்லாம் பத்திரமாகக் கீழே இறங்கிய பிற்பாடுதான், மாடியின் நிழல் மூலையில் கொடியில் தொங்குகிற குழந்தைகளின் பள்ளிச் சீருடை யாருக்காவது ஞாபகம் வரும்.

இங்கே நான் வேடிக்கையைச் சற்று நிறுத்திவைக்க வேண்டியிருக்கிறது. அடைமழைக் காலத்தில் சிறு குழந்தைகள் இருக்கிற வீட்டில் துணி உலர்த்துவது என்பது எத்தகைய தவம் என்பதைத் துவைத்தவர்களே அறிவார்கள். தொட்டில் குழந்தையின் மூத்திரத் துணிகள் கூடத்தில் குறுக்கே கட்டிய கயிற்றில், மின்விசிறிக்கு நேர் கீழே, விருந்தாளியின் தலையில் இடிக்கும்படி தொங்கிக்கொண்டிருக்கின்றன. காலுறைகள் ஃப்ரிட்ஜின் பின்புறத்தில் கிடக்கின்றன. வெள்ளைச் சட்டையோ இஸ்திரிப் பெட்டியின் சூட்டிலேயே காய்ந்தாக வேண்டும். அதிலிருந்து எழுகிற ஈர வாடை பள்ளி மணி அடிக்கும்வரை போகாது. இந்த நிலையில் ஆதவன் மனமிரங்கி அளிக்கிற ஒரு நாழிகை வெயில், அரைமணி நேரத்தில் புகையாகப் போகப்போகிற காகிதக் குழாய்களுக்கு ஏகபோக பாத்தியதையாவதும், நாளும் உடுத்த வேண்டிய துணி நிழலுக்குத் தள்ளப்படுவதும் எந்த தர்மத்தில் சேர்ந்தது? ஈரக் காலுறையோடு போன எல்.கே.ஜி. மாணவன் சாயங்காலம் தும்மிக்கொண்டு வந்தான். மாடிக்காற்றில் நின்று பட்டாசையே முறைத்துக்கொண்டிருந்ததால் வந்த வினை என்று தீர்ப்பளித்து, தூதுவளை ரசத்துக்கு உத்தரவிட்டார் பெரியப்பா. அந்த ரசத்தையும் பெரியம்மாதான் வைத்தாள்.

தீபாவளியன்று விடியற்காலையில் எண்ணெய் ஸ்நானம் ஆகி, மூலையில் மஞ்சள் தடவிய புதுத் துணி உடுத்தி, சுக்கும் ஓமமும் கண்டந்திப்பிலியும் கலந்து கிளறிய லேகியத்தை முகம் சுளித்து விழுங்கிவிட்டுக் குழந்தைகள் வாசலுக்கு ஓடி வந்தால், பெட்டியின்மேல் பெரியப்பா உட்கார்ந்திருப்பார். விநியோகம் தொடங்கும். தலைக்கு ஒரு மத்தாப்புப் பெட்டி. சரத்தைச் சரமாகத் தரமாட்டார், பின்னலைப் பிரித்து உதிர்த்து ஒன்றொன்றாகத்தான் தருவார். முன்பெல்லாம் குழந்தைகளை அடக்கி வைப்பதற்குப் புதிய புதிய காரணங்களை அவரே சிருஷ்டி செய்துகொள்ள வேண்டியிருந்தது. 2018-ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு பட்டாசு வெடிப்பதற்கு நாளொன்றுக்கு இரண்டே மணி நேரம் என்று வரையறுத்து, தமிழ்நாடு அரசும் காலையில் 6 முதல் 7 வரையிலும் இரவில் 7 முதல் 8 வரையிலும் என்று பகுத்துக் கொடுத்த பிறகு, அவருடைய நெஞ்சில் பாலை வார்த்தாற்போலாயிற்று. கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொள்கிறார். வாளியில் தண்ணீர் வந்ததா, மணல் வந்ததா, காலில் செருப்பு உண்டா, உடுத்தியிருப்பது பருத்தியா என்ற பரிசோதனைகள் முடியும்போது மணி ஆறே முக்கால். இந்தப் பரிசோதனையில் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அந்த வீட்டில் இதுவரை ஒரு குழந்தையின் விரலிலும் ஒரு கொப்புளம் எழுந்ததில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் பாவம் வந்து சேரும். இரவு ஏழு மணிக்குத் தெருவெல்லாம் அதிரத் தொடங்கியதும் எல்.கே.ஜி. மாணவனுக்கு உதடு பிதுங்கிவிடும். வீரமெல்லாம் பகலோடு சரி. மற்றவர்கள் வாசலில் வாணம் பார்த்துக்கொண்டிருக்க, உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு அவனை மடியில் இருத்தி, இரண்டு கைகளாலும் அவன் செவிகளைப் பொத்தியபடி எட்டு மணி அடிக்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருப்பவர் அவர்தாம். எந்தத் தீபாவளிக்காக இத்தனை நாள் வெயில் காய்ந்தாரோ, அதன் வாண வேடிக்கையை அவர் முழுமையாகப் பார்த்ததில்லை.

ஆனால் எட்டு அடித்ததும் எழுந்து வந்து மிச்சத்தை எண்ணிக் கட்டிவிடுவார். பெட்டியில் பாதிக்கு மேல் மிச்சந்தான். கார்த்திகை தீபத்துக்கு ஆகட்டும் என்பார். கார்த்திகையில் மழை பிடித்துக்கொள்ளும். போகிக்கு ஆகட்டும் என்பார், போகியன்று மறந்துபோகும். அப்புறம் பரீட்சை, அப்புறம் பரண். அடுத்த ஐப்பசியில் பழைய சரக்கைத்தான் முதலில் செலவழிக்க வேண்டும் என்ற நியாயப்படி அவற்றை இறக்கிப் பற்ற வைத்தால், லட்சுமி வெடி புஸ்ஸென்று சீறிவிட்டு அடங்கும். புஸ்வாணம் இரண்டு பொறி கக்கிவிட்டுக் கறுக்கும். அவற்றை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து அவர் வருகிற முடிவு எப்போதும் ஒன்றே: போன வருஷம் வெயில் போதவில்லை. வெடிக்க வேண்டிய நாளில் வெடித்திருக்கலாமே என்று பெரியம்மா ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "உனக்கு மருந்தோட குணம் தெரியாது" என்று பதில் வந்தது.

சென்ற மாதம் வீட்டுப் பெண்டுகள் கூடிப் பேசி, இவ்வாண்டு மாடியின் மேற்கு மூலையைச் சீருடைக்கும் மூத்திரத் துணிகளுக்கும் விட்டுக்கொடுக்க வேண்டுமென்று இரண்டாம் வகுப்புக்காரியைத் தூது அனுப்பினார்கள். அவர் கோபிக்கவில்லை. நெடுநேரம் யோசித்தார், காலண்டரைப் பார்த்தார், குழந்தையின் கன்னத்தைத் தட்டி, காலையில் ஆறு மணிக்கு முன்பும் மாலையில் ஆறு மணிக்குப் பின்பும் அந்த மூலையைத் தாராளமாக உபயோகித்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினார்.