மாத்திரை எழுதத் தெரியாத டாக்டர்

உயிர்ப் புள்ளியியலில் முனைவர் பட்டம் வாங்கிக்கொண்டு காரைக்குடியில் கல்யாணத்துக்குப் போகக் கூடாது. 'டாக்டர்' என்று யாராவது அறிமுகப்படுத்தினால் போதும், நாடி பார்க்கச் சொல்லி நாலு கை நீளும். "மருந்து எழுதுற டாக்டர் இல்ல ஆச்சி. மருந்து கேக்குதான்னு கணக்குப் பாக்குற டாக்டர்" என்பேன். "கணக்கப்பிள்ளைன்னு சொல்லு" என்று மொத்தப் படிப்பையும் ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள்.

விடுவேனா? சென்னைக் காசநோய் ஆய்வு மையத்தின் கதையை எடுப்பேன். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு சாராரைச் சானடோரியத்திலும் மற்றவர்களை வீட்டிலும் வைத்து மருந்து கொடுத்தார்கள். வீட்டிலிருந்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு குணமானது என்று 1959இல் கணக்குக் காட்டியது; உலகமே வைத்திய முறையை மாற்றிக்கொண்டது. எல்லாம் கேட்டுவிட்டு, "சரி, இந்தச் சளிக்கு என்ன போடலாம்?" என்பார்கள்.

ஒருமுறை பந்தியில் மனநலத்தைப் பற்றிப் பேசித் தொலைத்தேன். 2015-16இல் மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 12 மாநிலங்களில் நடத்திய தேசியக் கணக்கெடுப்பில், பெரியவர்களில் 10.6 விழுக்காட்டினருக்கு ஏதோவொரு மனநலக் கோளாறு இருந்தது. தசமம் எதற்கென்று "பத்துல ஒருத்தர்" என்றேன். வரிசை முழுக்கத் தலைகளை எண்ண ஆரம்பித்தார்கள். பத்தாவது இலையில் இருந்த மாப்பிள்ளையின் சித்தப்பா, பாயசம் வருமுன் கை கழுவப் போய்விட்டார்.

களப்பணியில் இதைவிட மோசம். மனச்சோர்வை அளக்கும் பி.எச்.கியூ-9 படிவத்தில் 9 கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தை வைத்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். தனியாக இருந்த ஓர் ஆச்சியிடம் தூக்கத்தைப் பற்றிக் கேட்டேன். "இத்தனை கதவையும் சாத்திட்டு வர்றதுக்குள்ள பாதி ராத்திரி போயிருதப்பா." இதற்கு எந்த எண்ணைப் போடுவது? 1 போட்டேன், மனசு கேட்காமல் 2 ஆக்கினேன்.

ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம் என்பது கணக்கெடுப்பின் விதி. கல்யாணமான மகனை வேறு வைக்கிற ஊரில், ஒரு வீட்டுக்குள் எத்தனை அடுப்பு என்று கேட்காமலே 'குடும்பம் 1' என்று எழுதினேன். அதே ஆச்சி எட்டிப் பார்த்தார். "நாங்க நாலு புள்ளி. ஒண்ணுன்னு போட்டா மத்த மூணு கோயில் வரியை நீயா கட்டுவ?"

புள்ளி என்றால் கோயில் வரிக் கணக்கில் கல்யாணமாகி வேறு வைத்த ஒரு குடும்பம். அந்த மூன்று புள்ளிகளும் வெளியூரில் இருந்தன. அப்படிப் பூட்டிக் கிடந்தவற்றை விடுபட்ட தரவாகக் கொண்டு, திறந்திருந்தவற்றின் விடைகளை வைத்து மென்பொருளால் நிரப்பினேன். ஆய்விதழின் மதிப்பீட்டாளர் கேட்டார்: போனவர்களும் இருப்பவர்களும் ஒரே மாதிரி என்று எப்படி முடிவு செய்தீர்கள்? அவர்கள் போனதால்தானே ஆச்சி தனியாகக் கதவு சாத்துகிறார்! உள்ளூர்க்காரனான எனக்கு அது உறைக்கவில்லை.

எங்கள் கட்டுரைகளின் கடைசியில் 'வரம்புகள்' என்றொரு பகுதி உண்டு. என்ன தவறு நடந்திருக்கலாம் என்று அதில் நாமே சொல்லிவிட வேண்டும். துறையில் எனக்கு நல்ல பெயர் இருப்பது அந்தப் பகுதியை எழுதுவதில்தான்.