தரைத்தளத்து நிலைவாகனங்கள்: ஒரு மண்ணடுக்கு ஆய்வு

சென்னை அடுக்ககங்களின் தரைத்தளத்தில், தூண்களுக்கு நடுவே ஓடாமல் நிற்கும் கார்களைக் ‘கைவிடப்பட்டவை’ என்று வகைப்படுத்தும் முந்தைய ஆய்வாளர்களோடு (பெரும்பாலும் அசோசியேஷன் செக்ரட்டரிகள்) இக்கட்டுரை முரண்படுகிறது. தன் வண்டியைக் கைவிட்டதாக எந்த உரிமையாளரும் ஒப்புக்கொண்டதற்குச் சான்று இல்லை. “அடுத்த வாரம் மெக்கானிக் வரான் சார்” என்பதே கள ஆய்வில் கிடைத்த ஒருமித்த வாய்மொழித் தரவு. எந்த வாரத்துக்கு அடுத்தது என்பதில்தான் அறிஞரிடையே பிணக்கு.

காலக்கணிப்பு அவ்வளவு கடினமில்லை. வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் கதவில் ஒரு சேற்றுக்கோடு தெரிந்தால் வண்டி 2023 மிக்ஜாம் புயலுக்கு முற்பட்டது. இரண்டு தெரிந்தால் 2015 டிசம்பர் வெள்ளத்தையும் நின்ற இடத்திலேயே பார்த்தது. தண்ணீர் ஏறாத மேட்டுப் பகுதிகளில் வைப்பரில் செருகிய நோட்டீஸ்களை அடியிலிருந்து படித்து வர வேண்டும்: கேபிள் டிவி, அதன்மேல் டியூஷன், அதன்மேல் பிராட்பேண்ட். மாருதி 800 என்றால் இன்னும் வசதி; உற்பத்தி 2014இலேயே நின்றுவிட்டதால் அதற்குப் பிந்தையது என்று யாரும் வாதாட முடியாது. பின்கண்ணாடித் தூசியில் விரலால் பொறிக்கப்பட்ட ‘ரமேஷ் ஒரு லூசு’ வகைக் கல்வெட்டுகளையும் புறக்கணிக்கலாகாது. ஒரு வளாகத்தில் அதைப் பொறித்த புலவர் தற்போது பொறியியல் மூன்றாமாண்டு படிக்கிறார்.

சட்டநிலை வியப்பூட்டுவது. மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 127ஆம் பிரிவின்படி, பொது இடத்தில் பத்து மணி நேரம் கேட்பாரற்று நிற்கும் வண்டியைச் சீருடையிலுள்ள போலீஸ் அதிகாரி அகற்றச் சொல்லலாம். பொதுமக்கள் உரிமையோடு நுழையக்கூடியதுதான் பொது இடம். ஆக, கேட்டுக்கு வெளியே பத்து மணி நேரம், உள்ளே ஆயுட்காலம். காயலான் கடைக்காரர் ஆர்.சி. எங்கே என்கிறார், அங்கீகாரம் பெற்ற உடைப்பு மையமோ உரிமையாளரையே கேட்கிறது. அரசின் தரப்பில் இந்த வண்டியை மதித்து வந்து பார்ப்பவர் மாநகராட்சியின் கொசு ஒழிப்புப் பணியாளர் ஒருவரே. கார் கவரின் மடிப்பில் தேங்கிய தண்ணீர், டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு முட்டையிலிருந்து சிறகு வரை வளரப் போதும். ஒரு வாரம், பத்து நாள் வேலை. மெக்கானிக்கைவிட அது வாக்குத் தவறாதது.

எனவே, வண்டியைத் தெருவுக்குத் தள்ளிவிட்டுப் பத்து மணி நேரம் காத்திருப்பது என்ற கருதுகோளை ஒரு பொதுக்குழு ஞாயிற்றுக்கிழமை காலை பரிசோதித்தது. நான்கு டயரிலும் காற்றில்லை. ஸ்டியரிங் லாக் ஆகியிருந்தது. சாவி, உரிமையாளரின் மகனோடு நியூ ஜெர்சியில். ஏழு குடும்பத் தலைவர்கள் வேட்டியை மடித்துக் கட்டித் தள்ளிக்கொண்டிருக்கையில், உரிமையாளரின் தாயார் முதல் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். ஆட்சேபணை ஏதும் தெரிவிக்கவில்லை.

“தள்றேளா? நன்னா தள்ளுங்கோ. போன மாசம் அதுக்கடியில ஒரு தேங்கா உருண்டு போச்சு, அப்படியே எடுத்துக் குடுத்துடுங்கோ.”