வல்லரசு லிஸ்ட்

மற்ற ஊர்ப் பிள்ளைகள் ஆங்கிலப் பெயரடைகளைப் பள்ளிக்கூடத்தில் படிப்பார்கள். வன்னியில் அவை லாண்ட் குறூசரில் வந்து இறங்கும். போர் முடிந்து 2010இல் நாங்கள் தருமபுரம் பக்கம் மீளக்குடியேறியபோது வந்து இறங்கியது 'வல்னரபிள்'. என்னிடமிருந்த லிப்கோ அகராதி முந்தின வருடமே ஏதோ ஒரு பங்கரோடு போய்விட்டது. ஆகவே சொல்லின் பொருளை வந்த ஆட்களைப் பார்த்தும், பயன்பாட்டைக் கிடைத்த சாமான்களைப் பார்த்தும் விளங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

கிராம அபிவிருத்திச் சங்கச் செயலாளர் என்பதால் கூட்டங்களில் மொழிபெயர்ப்பு என் தலையில் விழுந்தது. மாமரத்துக்குக் கீழே தறப்பாள் விரித்து எல்லோரும் இருப்போம். தொண்டு நிறுவனத்திலிருந்து வந்த அம்மா வசனத்துக்கு ஒருதரம் 'வல்னரபிள்' என்பார். நான் 'எளிதில் பாதிக்கப்படக்கூடிய' என்பேன். ஒருநாள் பின்வரிசையிலிருந்து ஒரு ஐயா எழும்பினார்.

"பாதிக்கப்படக்கூடிய எண்டால் இனிமேல்தானோ, தம்பி? அப்ப, நடந்து முடிஞ்சது என்ன, ஒத்திகையோ?"

சனம் சிரித்தது. ஐயா என்ன சொல்கிறார் என்று அந்த அம்மா கேட்டார். "கருத்தை ஏற்றுக்கொள்கிறார்" என்றேன். மொழிபெயர்ப்பாளனுக்கும் வீட்டில் அடுப்பு எரியவேண்டும். பிற்காலத்தில் தேடிப் பார்த்தேன். இலத்தீனில் 'வுல்னுஸ்' என்றால் காயம், காயப்படத்தக்கவர்தான் வல்னரபிள். காயப்பட்டு முடிந்தவரை என்னவென்று அழைப்பது என்ற ஐயாவின் சந்தேகம் இலத்தீன் வரைக்கும் செல்லுபடியாகும்.

சொல் சனத்தின் வாய்க்கு வந்ததும் நம்முடைய ஒலிக்கு வளைந்து கொடுத்தது. பக்கத்து வளவு ஆச்சி ஒரு விடியக்காலை படலையில் நின்று கேட்டா: "தம்பி, அந்த வல்லரசு லிஸ்டிலை என்ரை பேர் இருக்கே?" இரண்டு கோழியும் ஒரு தகரக் கொட்டிலும் வைத்திருந்த வல்லரசு அவ. அன்றிலிருந்து எங்கள் ஊரில் உதவி பெறுவோர் பட்டியல் வல்லரசு லிஸ்ட்தான். அமெரிக்காவுக்குக்கூட அதில் இடம் கிடைத்திராது. அவர்களிடம் வாகனம் இருக்கிறது.

இலக்கணமும் மெல்ல மெல்லத் தெளிந்தது. அறிக்கைகளில் இந்தச் சொல்லுக்குப் படர்க்கை மட்டும்தான். அவர்கள் வல்னரபிள்; எழுதுகிறவர் ஒருபோதும் இல்லை. தன்மையில் சொல்லிப் பார்த்தது வன்னிச் சனம்தான்: "நான் வல்னரபிள், பாருங்கோ!" அதுவும் வெறும் வல்னரபிள் போதாது. 'மோஸ்ட் வல்னரபிள்' ஆக வேண்டும். எல்லோரும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த ஊரில் அதிகம் இழந்தவர் யார் என்று தெரிவுசெய்யச் சொன்னால், அந்த லிஸ்டை எழுதுகிற செயலாளர்தான் ஊரிலேயே மோஸ்ட் வல்னரபிள்.

2012இல் இந்திய வீட்டுத்திட்டம் பெரிய அளவில் தொடங்கியது. ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா. தெரிவு புள்ளிக் கணக்கில். கலியாணம் பேசும்போது இல்லாத காணியைச் சேர்த்துச் சொல்லும் சனம், இப்போது இருக்கிற மாட்டையும் மறைத்துச் சொல்லப் பழகியது.

அதற்குள் வேறொரு பெயரடை மோட்டார் சைக்கிளில் வந்தது. நுண்கடன் கம்பனித் தம்பிமார் அதே வீடுகளுக்குப் போய், அதே அக்காமாரைப் பார்த்து, 'எலிஜிபிள்' என்றார்கள். திங்கட்கிழமை வல்னரபிளாக இருந்தவர் செவ்வாய்க்கிழமை கடனுக்குத் தகுதியானவர் ஆனார். வியாழக்கிழமை தவணை. நிறுவனங்கள் ஒவ்வொன்றாகத் திட்டத்தை முடித்துக்கொண்டு கிளம்பியபோது கடைசி அறிக்கையில் நாங்கள் 'ரெசிலியன்ட்', அதாவது மீண்டெழக்கூடியவர்கள், ஆகியிருந்தோம். கூரை அதேதான். மாறியது அவர்களுடைய நிதியாண்டு.

பெயரடைகளுக்கு அரசாங்கமே விலை குறித்தது 2023இல். அஸ்வெசும என்ற நலன்புரிக் கொடுப்பனவுத் திட்டம் தொடங்கியபோது மாதக் கொடுப்பனவு இப்படி இருந்தது: 'ட்ரான்சிஷனல்' குடும்பத்துக்கு 2,500 ரூபா, வல்னரபிளுக்கு 5,000, வறியவருக்கு 8,500, மிக வறியவருக்கு 15,000. கணக்குப் பாருங்கள். 'மிக' என்ற ஒற்றைச் சொல்லின் பெறுமதி அப்போது மாதம் 6,500 ரூபா! இதை எந்த ரியூசன் மாஸ்ரரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. நாடு முழுவதிலுமிருந்து இலட்சக்கணக்கில் மேன்முறையீடுகள் குவிந்தன. ஒரு பெயரடைக்காக இத்தனை பேர் பேனை தூக்கியது இந்த நாட்டில் அதற்கு முன் நடந்திராது.

ஆச்சியும் ஒரு மேன்முறையீடு எழுதச் சொன்னா. என்ன காரணம் போடுவது என்று கேட்டேன். "நான் வல்லரசு எண்டது பழைய கதை. இப்ப எனக்குச் சீனியும் இருக்கு, பிரஷரும் இருக்கு. பாத்து ஒருபடி ஏத்திப் போடு, மேனை" என்றா. ஏற்றிப் போட்டேன்.

அடுத்த படிவத்தை அச்சடிக்கப்போகும் அதிகாரிகளுக்கு ஒரு விண்ணப்பம். பெயர்ச்சொல்லை எங்களிடம் கேட்டுத்தான் எழுதுகிறீர்கள். அதற்கு முன்னால் போடுகிற பெயரடையையும் ஒருக்கால் எங்களிடம் கேட்டு எழுதுங்கள்.