வைணுவா, வைனுவா, வேணுவா?

ஜவ்வாது மலையை ஒரே மாதிரி எழுதும் இரண்டு பேரை நான் இன்னும் சந்திக்கவில்லை. ஒருவருக்கு ஜவ்வாது, அடுத்தவருக்கு ஜவாது. வடமொழி எழுத்தென்றால் ஆகாதவருக்குச் சவ்வாது. ஆங்கிலப் பலகையைப் பார்த்துத் தமிழ் படிப்பவருக்கு ஜவாடி. இப்படிப்பட்ட மலையைத் தேடிப்பிடித்து, 1960களின் கடைசியில் காவலூரில் தொலைநோக்கி வைத்தார் ஒரு விஞ்ஞானி. அவர் பெயரோ மலையின் பெயரையே மிஞ்சும்: எம்.கே. வைணு பாப்பு.

இனிஷியல் என்றால் அப்பா பெயர் என்று நினைக்கும் நம்மூர் குமாஸ்தா முதலிலேயே தடுக்கி விழுவார். எம்.கே. என்பது மணலி கல்லாட், மலையாள வழக்கப்படி வந்த குடும்பப் பெயர். அப்பா பெயரைத் தேடினால் கடைசியில் நிற்கிறது. ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் வேலை பார்த்த அவர் அப்பாவும் பாப்புதான். ஆக, பிள்ளைக்கென்று தனியாக வைத்தது வைணு மட்டும்.

அந்த வைணுவை உலகம் கண்டுகொள்ளவே இல்லை. 1949-ல் ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது அவர் கண்டுபிடித்த வால்மீனுக்கு பாப்பு-போக்-நியூகிர்க் என்று பெயர் வைத்தார்கள். விண்மீன் ஒளியில் தெரியும் கால்சியம் கோட்டின் அகலத்தை வைத்தே அதன் உண்மையான பிரகாசத்தைச் சொல்லிவிடலாம் என்று 1957-ல் வில்சன் என்ற வானியலாளரோடு சேர்ந்து காட்டினார். அதற்கு வில்சன்-பாப்பு விளைவு என்று பெயர். கண்விழித்தது பிள்ளை, பட்டா அப்பா பெயரில்! 2596 என்ற எண்ணுள்ள சிறுகோளுக்குத்தான் முழுப்பெயர் கிடைத்தது. அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் யார்?

வைணுவுக்கு மண்ணில் விலாசம் தந்தது ஜவ்வாது மலைதான். அவர் 1982-ல் காலமானார். 1986 ஜனவரியில் பிரதமர் ராஜீவ் காந்தி வந்து, காவலூரின் 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு அவர் பெயரைச் சூட்டினார். (இந்த மலையின் பழங்குடியினருக்கும் மலையாளி என்றுதான் பெயர். பேசுவது தமிழ், கேரளத்து மலையாளி வேறு, இவர்கள் வேறு. மலையாளிகள் மலைக்கு ஒரு மலையாளி வந்து சேர்ந்ததை எந்தச் சான்றிதழில் எப்படி எழுதுவது என்று யோசித்தால் எனக்குத் தலை சுற்றும்.)

பெயர் சூட்டியாயிற்று, எழுத வேண்டுமே. வைணு என்கிறது ஒரு புத்தகம், வைனு என்கிறது இன்னொன்று. ‘அச்சுப்பிழை’ என்று தானே முடிவுகட்டி வேணு ஆக்கிவிடுகிறவர்களும் உண்டு. பாப்பு சில இடங்களில் பப்பு. அச்சுக்கோப்பவர் கொஞ்சம் அசந்தால் ‘வேணு பாப்பா’, தொட்டிலோடு வந்துவிடும்.

இதற்கெல்லாம் அரசு ஒரு வழி செய்யக் கூடாதா என்பீர்கள். 2020 ஜூனில் செய்து பார்த்தது. 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வந்தது. பக்கத்து வேலூர் அதில் ‘வீலூர்’ என்று படிக்கும்படி ஆனது. ஊரே சிரித்ததும் சில நாட்களிலேயே ஆணையைத் திரும்பப் பெற்றார்கள்.

போன முறை ஆலங்காயத்தில் பஸ் ஏறி உட்கார்ந்தேன். எங்கே போறே என்று விசாரித்தார் பக்கத்து சீட்டுப் பெரியவர். வைணு பாப்பு தொலைநோக்கிக்கு என்றேன், ஒவ்வொரு எழுத்தையும் சுத்தமாக உச்சரித்து.

“அப்டி ஒண்ணும் இங்க இல்லியேப்பா. காவலூர்ல டெலஸ்கோப்புதான் கீது.”